ஏழு மணி மருந்து

என் மாமனாருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அவரைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டேன் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். நான் அவருக்கு மருந்து கொடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை, சொன்ன அளவில், சொன்ன நேரத்தில். அது என் வேலை என்று யாரும் சொல்லவில்லை. பகலில் வீட்டில் இருந்தது நான்தான், அவ்வளவுதான்.

நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். சைவக் குடும்பம். கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாகப் போனேன். கல்யாணத்துக்கு மாமா வந்தார், போட்டோவுக்கு நின்றார், அதோடு சரி. என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் "வெள்ளவத்தை" என்பார். "வெள்ளவத்தை இண்டைக்கு மீன் சமைச்சதா?" என்று, நான் அடுப்படியில் நிற்கும்போதே, தன் மகனிடம் கேட்பார்.

அவர் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். சீமெந்துத் தூசி, கோதுமைத் தூசி, அதோடு விடாமல் சிகரெட். நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. இது குணமாகிற வருத்தமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கிற மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்க வேண்டும். கையால் அமுக்குகிற பம்ப் அவருக்குச் சரிவரவில்லை. அமுக்கிய பிறகு இழுப்பார், அல்லது இழுத்த பிறகு அமுக்குவார். மருந்தெல்லாம் நாக்கோடு நின்றுவிடும். அதனால்தான் நெபுலைசர் மெஷின் வந்தது.

சின்னச் சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மருந்துக் கிண்ணம், அதன் மேல் முகமூடி. மருந்தைப் புகை மாதிரி ஆக்கி அனுப்பும். போட்டால் கடகடவென்று வீடே அதிரும். ஹோலில் இருந்த ஒரே ஒரு பிளக் பொயின்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருபது நிமிடம் உட்கார வேண்டும். கரண்ட் போனால் மருந்து இல்லை. என் இரண்டு வயது மகள் முகமூடியைக் கண்டால் என் காலைக் கட்டிக்கொண்டு அலறுவாள். கீழ் வீட்டு அக்கா ஒருநாள் படியில் மறித்துக் கேட்டார், "என்ன தங்கச்சி, ஒவ்வொரு நாளும் காலங்காத்தால மா அரைக்கிறீங்களோ? எங்களுக்கும் ரெண்டு இடியப்பம் அனுப்பலாமே?"

காலை மருந்துக்கு நேரம் ஏழு மணி. மாமா ஐந்தரைக்கு எழும்பி, ஆறு மணிப் பூசைக்குத் தேவாலயத்துக்கு நடந்து போய், ஏழு மணிக்குத் திரும்பி வந்து மெஷினுக்கு முன்னால் உட்காருவார். நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே அப்படித்தான் நடந்தது. மெஷின் சத்தத்தில் மற்றவர்கள் எழும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நேரம் என்று நானே ஒரு காரணத்தை நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தார். என் கணவரின் அக்கா, கல்கிசையில் இருக்கிறவர். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ மூலம் புது நெபுலைசர் ஒன்றை எடுப்பித்திருந்தார். சவர்க்காரப் பெட்டி அளவுதான் இருக்கும். பட்டரியில் வேலை செய்யும். மேலே மருந்து ஊற்றும் இடம், முன்னால் வாயில் வைத்து இழுக்க ஒரு கழற்றிப் பூட்டுகிற துண்டு. பட்டனை அமத்தினால் சத்தமே இல்லாமல் வெள்ளைப் புகை வந்தது. ஆறேழு நிமிடத்தில் முடிந்தது.

"இனி நீ ஒண்டும் செய்யத் தேவையில்ல," என்றார் மச்சாள் என்னிடம். "மருந்த ஊத்து, மூடு, குடு. சின்னப்பிள்ளையும் செய்யும். கழுவ மட்டும் மறந்திடாத. உள்ளுக்க இருக்கிற வலை அடைச்சா சாமான் போச்சு. உனக்கு எதுக்கும் ரெண்டு தரம் சொல்ல வேணும்."

மாமா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. எனக்கும் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "மாமா, இனிப் பிளக்குக்குக் காத்திருக்கத் தேவையில்லத்தானே. எழும்பின உடனயே எடுக்கலாம். காலமைதான் மூச்சு முட்டு கூட எண்டு டொக்டரும் சொன்னவர்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் மச்சாளைப் பார்த்துச் சொன்னார், "நான் கோயிலுக்குக் கொண்டு போறன். அங்க எடுக்கிறன்."

"பாத்தியா, எவ்வளவு லேசு," என்றார் மச்சாள். என் கணவர் கோழிக்காலைக் கடித்தபடி தலையாட்டினார்.

அது என் யோசனை. அதை நான் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து காலையில் நான் மருந்தை ஊற்றி மூடி, சின்னத் துணிப் பையில் போட்டுக் கதவருகே தொங்கவிடுவேன். அவர் எடுத்துக்கொண்டு போவார். ஏழு மணிக்கு வருவார். "எடுத்தனீங்களா மாமா?" என்று கேட்பேன். "ம்" என்பார். கிண்ணம் காலியாக இருக்கும். கழுவித் துணியில் கவிழ்த்து வைப்பேன். கடகடப்பு இல்லை, மகளின் அலறல் இல்லை. அந்த இருபது நிமிடத்தில் நான் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினேன்.

மூன்றாம் வாரம் அவருக்கு மூச்சு கட்டத் தொடங்கியது. முதலில் படி ஏறும்போது. பிறகு சேர்ட் போடும்போது. பகல் மருந்தையும் இரவு மருந்தையும் என் கண் முன்னால்தான் எடுத்தார். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

மச்சாள் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தார்.

"முந்தி இப்பிடி இருந்தவரில்லையே. நீ மருந்தில தண்ணி கலக்கிறியா?"

"டொக்டர் சொன்ன உப்புத் தண்ணிதான் மச்சாள். முந்தியும் அதுதான்."

"எவ்வளவு?"

சொன்னேன்.

"அளந்தா ஊத்துறாய், கண்ணாலயா?"

அளந்துதான் ஊற்றினேன். ஆனால் போனை வைத்தவுடன் மருந்து அளக்கிற சிரிஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டை மறுபடி பார்த்தேன். மெஷினோடு வந்த தாளை ஆறு தடவை வாசித்தேன். கொதித்தாறிய தண்ணீரில் கழுவினேன். சவர்க்காரம் தங்கிவிட்டதோ என்று மறுபடி கழுவினேன். பழைய மெஷின் என்றால் அடுப்படியில் நின்றாலும் அது ஓடுவது காதில் விழும். இது ஓடுகிறதா இல்லையா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். என் கணவரும் ஒருநாள், ஒருகொடவத்தையில் இருக்கிற தன் வேலையிடத்துக்குப் புறப்படும் அவசரத்தில், "என்னப்பா, நீ கழுவுறது சரிதானே?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

கிளினிக்கில் டொக்டர் கேட்டார், "காலை மருந்து ஒழுங்காப் போகுதா?"

மாமா வாயைத் திறப்பதற்கு முன் நான் சொன்னேன், "ஓம் டொக்டர், ஒரு நாளும் தப்புறேல்ல."

டொக்டர் இன்னொரு மருந்தைக் கூட்டி எழுதினார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அவர் பூசைக்குப் போன பிறகு, கேத்திலுக்குப் பக்கத்தில் விரித்திருந்த துணியில் அந்த வாயில் வைக்கிற துண்டைக் கண்டேன். முதல் நாள் இரவு கழுவிக் காயவைத்தது. காலையில் பூட்ட மறந்துவிட்டேன். அது இல்லாமல் மருந்தை இழுக்கவே முடியாது. ஓடிப் போய்க் கொடுப்பதா? பிள்ளை தூங்குகிறாள். கணவர் குளியலறையில். பூசை தொடங்கியிருக்கும். இப்படியே யோசித்து யோசித்து ஏழு மணியாகிவிட்டது. திட்டு வாங்கத் தயாராகக் கதவைத் திறந்தேன்.

"எடுத்தனீங்களா மாமா?"

"ம்."

கிண்ணம் காலி.

நான் அந்தத் துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். ஒருவேளை வாயை நேரடியாக வைத்து இழுத்திருப்பாரோ என்றுகூட எண்ணிப் பார்த்தேன். அடுத்த நாள் வேண்டுமென்றே அந்தத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு பையைத் தொங்கவிட்டேன். மூச்சுக்குத் திணறுகிற ஒரு மனிதரின் மருந்தில் சோதனை செய்தேன். செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை. அவர் வந்தார்.

"எடுத்தனீங்களா?"

"ம். எத்தின தரம் கேக்கிறது?"

மூன்றாம் நாள், அவர் போய் அரை மணித்தியாலத்தில் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய்த்துண்டையும் ஒரு வேளை மருந்தை அளந்து ஊற்றிய ஒரு சின்னக் குப்பியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு நானும் போனேன். நன்றாக விடிந்திருந்தது. தேவாலய வளவுக்கு வெளியே, பூவும் மெழுகுதிரியும் விற்கிறவரின் குடைக்குப் பின்னால் நின்றேன். பூசை முடிந்து ஆட்கள் வந்தார்கள். மாமாவும் அவருடைய பழைய துறைமுகக் கூட்டாளிகள் நான்கு பேரும் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பிளேன்டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனார்கள். மாமா மட்டும் கால் கழுவுகிற பைப்படிக்குப் போனார். பையிலிருந்து மெஷினை எடுத்தார். மூடியைத் திறந்தார். மருந்தைச் சாக்கடையில் ஊற்றி, பைப்பைத் திறந்து ஒரு கை தண்ணீரால் அலசினார்.

அளந்து ஊற்றிய மருந்து. அதற்காக நான் ஒன்றரை மாதம் பேச்சு வாங்கினேன்.

"மாமா."

அவர் திரும்பினார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"உளவு பாக்க வந்தனியா?"

"மருந்த ஊத்துறீங்கள்."

"என்ர மருந்து."

"பூசைக்கு முந்தி எடுத்திருக்கலாமே. இல்லாட்டி இப்ப எடுத்தா என்ன?"

"பூசைக்கு முந்தியா?" அவருடைய குரல் உயர்ந்தது. "நன்மை எடுக்கப் போறவன் வாயில ஒண்டும் வைக்கிறதில்ல. ஏழு வயசில முதல் நன்மை எடுத்த நாளில இருந்து பச்சைத் தண்ணி வைச்சதில்ல. உனக்கு இது தெரியுமா? நீ கட்டி வந்து எத்தின வருசம்? ஒரு நாள் கேட்டியா?"

நன்மை என்று அவர்கள் சொல்வது பூசையில் வாங்குகிற நற்கருணையை. அதற்கு முன் சாப்பிடாமல் இருக்கிற வழக்கம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. ஏழு மணி என்பது எங்கள் தூக்கத்துக்காக வைத்த நேரம் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. அதை மாற்றியது நான்.

"அது சாப்பாடில்லையே மாமா. புகை மாதிரித்தானே."

"நாக்கில கசக்குது. நாக்கில பட்டா வயித்துக்கும் போகும்."

"மருந்து எடுக்கலாம்தானே? வருத்தக்காரருக்கு விலக்கு இருக்கும்."

"வருத்தக்காரர் எடுக்கட்டும்."

"அப்ப நீங்கள் ஆர்?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். எதிர்க்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், மருமகள் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கா? பள்ளிக்கூடம் விட்டாச்சு!" என்று கத்தினார். மற்றவர்கள் சிரித்தார்கள். மாமாவின் முகம் இருண்டது. பையைச் சுருட்டிக்கொண்டு, பிளேன்டீ குடிக்காமல், வீட்டுப் பக்கம் ஏறுகிற தெருவில் விறுவிறுவென்று நடந்தார். அந்த வேகத்தில் அவர் நடந்து நான் பார்த்ததேயில்லை.

ஐம்பது மீட்டர் தூரம் போயிருக்க மாட்டார். பூட்டியிருந்த ஒரு ஹாட்வெயார் கடையின் படியில் கையூன்றி உட்கார்ந்துவிட்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. உதடு சாம்பல் நிறம். நான் மகளை இறக்கிவிட்டு, அவர் கையிலிருந்த பையைப் பறித்து, குப்பியைத் திறந்து ஊற்றி, வாய்த்துண்டைப் பூட்டினேன். பாதி மருந்து கையில் வழிந்ததோ என்று பயந்தேன். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் என் கையைத் தட்டிவிட்டார். மறுபடி நீட்டினேன். மறுபடி தட்டினார்.

"மொகத வுணே, நங்கி?" என்ன நடந்தது என்று கேட்டபடி ஒரு த்ரீவீல்காரர் ஓரத்தில் நிறுத்தினார்.

"மூச்செடுக்க ஏலாமல் இருக்கு," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். சிங்களம் அந்த நேரம் வரவில்லை. அவருக்கு விளங்கியது. இறங்கி வந்து மாமாவின் முதுகைத் தாங்கிப் பிடித்தார்.

நான் மாமாவின் காதருகே குனிந்து சொன்னேன், "நீங்கள் இஞ்ச செத்தா உங்கட மகள் என்னைத்தான் கேப்பா. நான் ஏன் அந்தப் பழி எடுக்க வேணும்? இழுங்கோ."

அன்பாக எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. அவர் என்னை முறைத்தார். முறைத்தபடியே வாயைத் திறந்தார்.

ஏழு நிமிடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு போனார்கள். கூட்டாளிகள் நான்கு பேரும் வந்து நின்றார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. புகை வருவது நிற்கும்வரை நான் மெஷினை அவர் கையில் விடவில்லை.

த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாட்டேன் என்றார். மூச்சிரைப்பு தணிந்துவிட்டிருந்தது. வீட்டுக்கே போனோம். படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஏறினார். நான் பின்னால் ஏறினேன். ஹோலில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "அவளுக்குச் சொல்லப் போறியா?" என்றார். மச்சாளைத்தான் சொன்னார்.

"சொல்ல வேணும்தானே."

"சொன்னா அவள் இஞ்ச வந்து நிப்பாள். கோயிலுக்குப் போக விடமாட்டாள். ஃபாதரிட்டப் போய் அழுவாள். ஊரெல்லாம் சொல்லுவாள்." மூச்சு வாங்க நிறுத்தினார். "முதல் நாள் பூசை முடிய எடுக்கத்தான் பாத்தன். கூட்டாளிமார் நிண்டாங்கள். அவங்களுக்கு முன்னால அத வாயில வைக்க மாட்டன். பிறகு வீட்ட வந்தா நீ கேட்டாய். ம் எண்டன். ம் எண்டபிறகு என்ன செய்யிறது?"

அவர் என்னிடம் அத்தனை வசனம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான்.

"பழைய நேரத்துக்கே வைப்பம்," என்றேன். "பூசைக்குப் பையக் கொண்டு போகத் தேவையில்ல. ஏழு மணிக்கு வந்து, எனக்கு முன்னால இருந்து, முடியும்வரைக்கும் எடுக்க வேணும். ஒரு நாள் தப்பினாலும் நானே மச்சாளுக்குப் போன் எடுப்பன். தப்பாட்டி ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

"உன்ர புருசனுக்கு?"

"அவருக்கும்தான்."

"வெள்ளவத்தை கதைக்கப் பழகியிட்டுது," என்றார் சுவரிடம். ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தார்.

ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தார். நான் எதிரே நின்றேன். இடையில் நிறுத்தி வாயைத் துடைப்பார். முடிந்துவிட்டது என்பது போல மெஷினைக் கீழே வைப்பார். கிண்ணத்தில் இன்னும் இருக்கிறது என்று நான் விரலால் காட்டுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப எடுப்பார். சில நாள் எனக்கே அந்த நேரத்தில் அவர்மேல் வருகிற வெறுப்பைப் பார்த்துப் பயமாக இருக்கும். கணவரிடம் சொல்லாமல் இருப்பது சரியா என்று ஒவ்வொரு இரவும் யோசிப்பேன். நாளைக்கு ஏதாவது நடந்தால், தெரிந்தும் மறைத்தவள் என்றுதானே சொல்வார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கிளினிக். மச்சாளும் வந்திருந்தார், என்னை நம்பாமல். டொக்டர் மாமாவை ஊதவைத்துப் பார்த்தார். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். நல்லாயிருக்கிறது, போன தடவை கூட்டிய மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் மச்சாள் தொடங்கினார். "நான் வாங்கித் தந்த சாமான். பாத்தியா? ஒழுங்காக் கழுவிக் குடுத்தா இப்பிடித்தான். முந்தி நீ கழுவேல்ல. எனக்கு அப்பவே தெரியும். வாய் திறந்து சொல்லன், கழுவேல்லத்தானே?"

மாமா எங்களுக்கு நடுவில் நின்றார். சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வலை கொஞ்சம் அடைச்சிருந்தது மச்சாள்," என்றேன். "இப்ப கவனமாக் கழுவுறன்."

"ஆ! இத முதல்லயே ஒத்துக்கொண்டிருந்தா அப்பா இவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாரா?" அதைத் தம்பிக்குச் சொல்ல அங்கேயே போனை எடுத்தார். நான் கழுவாமல் விட்டது அன்று பின்னேரத்துக்குள் குடும்பம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது த்ரீவீலில் நானும் மாமாவும் மட்டும். காலி ஊர்ப் பக்கம் போகிற பெரிய வீதியின் நெரிசலில் நின்று நின்று போனது. அவர் வெளியே பார்த்தபடி கேட்டார், "ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா நாளைக்கு ஏழு மணிக்கு வந்து இருப்பீங்களா?"

கோட்டையைத் தாண்டிவிட்டோம்.

"மாட்டன்," என்றார்.